சிமிழில் எழுதியிருந்த பெயர்

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் கலியாணப் பெண்களுக்கு முக அலங்காரம் செய்யும் பிள்ளைகள் சிலர் நெடுநாளாக என்னைக் கேட்டபடி இருந்தார்கள். "அன்ரி, நீங்கள் தியேட்டரிலை வேலை செய்த கதையை எங்கடை மலருக்கு எழுதித் தாங்கோ. வெள்ளைக்கார நடிகரை மேக்கப் போட்டு வெளிக்கிடுத்தின தமிழ்ப் பொம்பிளை உங்களை விட வேறை ஆர் இருக்கினம்?" என்று. எனக்கும் அது பிடித்த கேள்விதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதுவதென்றால் ஒரு பக்கத்துக்கு அரை நாள் போய்விடும். இருந்தாலும் எழுதத்தான் இருந்தேன். பெரிய பெரிய நடிகர்கள் என் முன்னால் கதிரையில் இருந்து முகத்தை நிமிர்த்திக் காட்டியதை, அந்த அரங்கில் என் பெயரில் ஒரு நிறமே இருந்ததை, எல்லாவற்றையும் பெருமையாக எழுத இருந்தேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தேன். அதன் பிறகு அந்தக் கதையை அப்படி எழுத முடியவில்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். ஜெர்மன்காரர் சொன்னவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அவை அப்படித்தான் இருக்கின்றன.

ஹம்மில் இருந்து ரயிலில் போய் வரக்கூடிய ஒரு நகரத்தின் நாடக அரங்கு அது. நான் முதலில் அங்கே கூட்டித் துடைக்கும் வேலைக்குத்தான் போனேன். என் கணவர் சிவம் தொழிற்சாலையில் வேலை. மகள் சுதா அப்போது சின்னப் பிள்ளை. ஒரு நாள் ஒப்பனை அறையைத் துடைக்கும்போது ஒரு பொய்முடி தலைக்கட்டையில் இருந்து நிலத்தில் விழுந்தது. நான் அதை எடுத்து, மடியில் வைத்து, நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சிக்கெடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கதவடியில் ஒப்பனைப் பகுதியின் தலைவி ஃப்ராவ் லிண்ட்னர் நிற்கிறார். ஜெர்மனில் ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு.

"நுனியிலை இருந்து எடுக்க உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"வீட்டிலை ஒரு மகள் இருக்கிறாள். தலைமயிர் இடுப்பு வரை."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குத் துடைக்க வராதை. இங்கை வா" என்றார்.

முதல் ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தூரிகை கழுவினேன். பஞ்சு வெட்டினேன். பொய்முடிகளைக் கழுவிக் காயவைத்தேன். மற்றப் பெண்களுக்குப் படிப்பும் சான்றிதழும் இருந்தன. எனக்கு ஃப்ராவ் லிண்ட்னரின் கைதான் படிப்பு. பொய்முடியின் முன்னோரத்தில் சிலந்தி வலை போல ஒரு துணி இருக்கும். அதைப் பசை வைத்து நெற்றியில் ஒட்ட வேண்டும். பசையைக் கூடப் பூசினால் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். குறைத்துப் பூசினால் நடிகர் வியர்த்தவுடன் கழன்றுவிடும். மெல்லிதாகப் பூசி, காற்றுப் பட விட்டு, விரலில் இழுபடும் பதம் வந்ததும் ஈரத்துணியால் அழுத்த வேண்டும். தேய்க்கவே கூடாது. அந்தப் பதம் எனக்கு வந்த பிறகு அவர் என்னைத் தூரிகை பிடிக்க விட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த, உயரமான மனுசி. வெள்ளை மேலங்கியின் பொத்தான் கழுத்து வரை பூட்டியிருக்கும். ஒப்பனை அறையில் யாரும் பாடக் கூடாது, யாரும் சாப்பிடக் கூடாது. தன் புறங்கையில் தூரிகையைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு முகத்திலும் வைக்கமாட்டார். நடிகரின் பின்னால் நின்று, கண்ணாடிக்குள் தெரியும் முகத்தைப் பார்த்தபடியே பூசுவார். நேரே பார்க்கமாட்டார். எங்களையும் பார்க்க விடமாட்டார்.

"ஆளைப் பாத்தால் ஆளிலை இரக்கம் வரும். கண்ணாடியைப் பார். அங்கை வேலை மட்டும்தான் தெரியும்" என்பார்.

புகழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. வேலை நன்றாக வந்தால் "நா ஆல்ஸோ" என்பார். 'பார், சரி வந்ததுதானே' என்கிற மாதிரி ஒரு சொல். அந்தச் சொல்லுக்காக நான் நாள் முழுவதும் காத்திருப்பேன்.

ஒரு முறை ஒரு நாடகம் போட்டார்கள். பணக்கார வீடு ஒன்றில் நடக்கிற கதை. அந்த வீட்டில் ஆபிரிக்க வேலைக்காரன் ஒருவன். தட்டம் கொண்டு வருவான், கதவு திறப்பான், ஆட்கள் சிரிப்பதற்காக ஒரு இடத்தில் விழுவான். அவனாக நடித்தவர் ஹெர் வெபர். பாலாடை மாதிரி வெள்ளை. கண்ணிமை மயிர் கூட மஞ்சள். அவரைக் கறுப்பாக்குவது எங்கள் வேலை. அந்த நாளில் அதை ஒருவரும் ஒரு விசயமாக எடுக்கவில்லை, நான் உட்பட.

கடையில் வந்த மண்ணிறக் குழம்பு ஃப்ராவ் லிண்ட்னருக்குப் பிடிக்கவில்லை. "சப்பாத்துக்குப் பூசுற பொலிஷ் மாதிரிக் கிடக்கு. உயிர் இல்லை" என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை என்னில் வந்து நின்றது.

"ராசம்மா, கை."

சட்டைக் கையை மடித்து விட்டேன். அவர் என் முழங்கைக்குக் கீழே பிடித்து, யன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடித் தகட்டில் சிவப்பு, மஞ்சள், துளி நீலம் என்று குழைத்தார். கறுப்பைத் தொடவே இல்லை. "தோலிலை கறுப்பு எண்டு ஒண்டு இல்லை" என்று தனக்குள் சொன்னார். என் கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார், தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் மஞ்சள், இன்னொரு பொட்டு. கடைசியாக வைத்த பொட்டு என் கையில் காணாமல் போனது. எங்கே வைத்தார் என்று எனக்கே தெரியவில்லை.

"நா ஆல்ஸோ" என்றார்.

அந்தக் குழம்பைச் சின்னச் சிமிழ்களில் நிரப்பி, மூடியில் வெள்ளை நாடா ஒட்டி, பேனையால் எழுதினார்: ராசம்மா 1, ராசம்மா 2. ஒன்று கொஞ்சம் கடும் நிறம். இரண்டுதான் சரியாக என் கை.

எனக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோசத்தை, சொல்லி முடியாது. சம்பளம் கூட்டினால் கூட அப்படி இருந்திருக்காது. கோயில் தேருக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்குக் கையை நீட்டிக் காட்டினேன். "இந்தக் கை இப்ப தியேட்டரிலை சிமிழுக்குள்ளை இருக்கு, தெரியுமோ?" என்றேன். "அப்ப உன்னைப் பூசிக்கொண்டுதான் வெள்ளைக்காரன் மேடையிலை நிக்கிறானோ? சிவம் அண்ணைக்குத் தெரியுமோ இந்த விசயம்?" என்று அவள் பகிடி பண்ண, எல்லோரும் சிரித்தோம்.

ஹெர் வெபருக்கு நான்தான் பூசுவேன். ஈரக் கடற்பஞ்சில் தொட்டு, முதலில் நெற்றி. பிறகு கண்ணிமை, காதின் பின்பக்கம், பிடரி, கழுத்து. விரல் இடுக்கை மறந்தால் தட்டம் பிடிக்கும்போது வெள்ளை தெரியும். பிறகு தூள் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உடுப்பில் ஒட்டும். பூசி முடித்ததும் அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைப்பார். "இண்டைக்கு நான் உன்ரை தம்பி" என்பார். நானும் சிரிப்பேன். நாடகம் முடிந்ததும் கொழுப்புக் களிம்பு தடவி, துவாயால் துடைத்து எடுப்போம். அந்தத் துவாய்களைத் துவைப்பதும் நான்தான். கூடை நிறைய என் நிறத்தில் துவாய்கள். துவைக்கத் துவைக்கத் தண்ணீர் என் நிறமாக ஓடும். அதைப் பார்த்து ஒரு நாளும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது தோன்றுகிறது.

தியேட்டரில் பழகிய கையால் சனி, ஞாயிறுகளில் எங்கள் கலியாணப் பெண்களுக்கும் அலங்காரம் செய்தேன். ஹம்மில் மட்டுமல்ல, டோர்ட்முண்ட், எசன் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனேன். பெண்ணின் தாய் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு மெல்லச் சொல்லுவாள்: "அக்கா, பிள்ளை கொஞ்சம் பொது நிறம். வெளிச்சமாய்ச் செய்து விடுங்கோ." வெளிச்சம் குடுப்பது என்றுதான் நாங்கள் சொல்லுவோம். பெண்ணின் நிறத்தை விட வெளிறிய சந்தன நிறத்தைப் பூசி, கழுத்து வரை இறக்கி, மேலே மஞ்சள் தூள் போட வேண்டும். படத்தில் பெண் பளிச்சென்று இருப்பாள். ஃப்ராவ் லிண்ட்னர் வெள்ளையைக் கறுப்பாக்கினார். நான் கறுப்பை வெள்ளையாக்கினேன். இரண்டு வேலையிலும் எனக்குப் பெயர்.

என் மகள் சுதா என் நிறம். அவளுடைய கலியாணத்துக்கு நான் வேறு யாரையும் விடவில்லை. விடிய எழுந்து நானே இருத்திச் செய்தேன். சட்டைக் கையை முழங்கை தாண்டித் தைப்பித்தேன். மருதாணியும் வளையலும் மிச்சத்தை மறைத்தன. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் "ஆரப்பா இந்த வெள்ளைப் பொம்பிளை?" என்று கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சுதா வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் படங்கள் நிறைய உண்டு. கலியாணப் படம் மட்டும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது பழைய பழக்கம் போல என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஃப்ராவ் லிண்ட்னர் ஓய்வு பெற்றார். பிறகு வந்த நிர்வாகம் எல்லோரையும் குடும்பப் பெயரால் கூப்பிடச் சொன்னது. அன்றிலிருந்து நான் ஃப்ராவ் சிவம். ராசம்மா என்ற பெயர் அங்கே மெல்ல மெல்ல இல்லாமல் போனது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்னர் ஒரு புதிய இயக்குநர் வந்து, இனி இந்த மேடையில் ஒருவருக்கும் கறுப்புப் பூசுவதில்லை என்றார். சிமிழ்களைப் பெட்டியில் போட்டுக் கீழறைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு எனக்கு வந்தது கவலை. என் நிறம் இவர்களுக்கு இனி வேண்டாமாம் என்று சிவத்துக்குச் சொல்லி அழுதேன். என்னையே கீழறைக்குக் கொண்டுபோனது போல இருந்தது. அந்த இயக்குநர் எதை நிறுத்தினார் என்று யோசிக்கவே இல்லை.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன்.

இப்போது ஒப்பனைப் பகுதியை நடத்துபவள் ஜானா. நான் விடப்போகிற காலத்தில் வேலைக்கு வந்த பிள்ளை. போன இலையுதிர்காலத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஃப்ராவ் சிவம், எனக்கு ஒரு உதவி வேணும். கறுப்பின எழுத்தாளர்கள் எங்கடை தியேட்டரிலை ரெண்டு நாள் கூடீனம். நாடகத்திலையும் படத்திலையும் தங்களை எப்பிடிக் காட்டியிருக்கினம், தாங்கள் எப்பிடி எழுத வேணும் எண்டு கதைக்கப் போயினம். எல்லாம் கமராவிலை எடுக்கினம். எங்கடை பிள்ளையளுக்கு அந்தத் தோலிலை வேலை செய்து பழக்கம் இல்லை. உங்கடை கைக்குத் தெரியும்தானே?"

"உங்கடை கைக்குத் தெரியும்" என்ற சொல் போதும். கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் அலங்காரப் பெட்டியைத் துடைத்து, தூரிகையெல்லாம் கழுவி, கறுப்புச் சட்டையை ஸ்திரி போட்டு மினுக்கி வைத்தேன். புஷ்பம் வந்து எட்டிப் பார்த்தாள். என்ன கூட்டம் என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் அந்த மக்களுக்கு நாங்கள் வீட்டுக்குள் சொல்லும் அந்தச் சொல்லைச் சொல்லி, "அவையளுக்கும் மேக்கப்போ?" என்று சிரித்தாள். அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். ஆனால் அன்றைக்கு நானும் கூடச் சிரித்தேன். அதை எழுதத்தான் வேண்டும்.

காலையில் போனபோது முன்மண்டபத்தில் ஒரு நீள மேசை போட்டு, கண்ணாடி மூடி எதையோ காட்சிக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நேரமில்லை. நேரே ஒப்பனை அறைக்குப் போனேன்.

முதல் வந்தவள் அஃபுவா. நாடகம் எழுதுகிறவள். ஜெர்மனியிலேயே, டார்ம்ஸ்டாட்டில் பிறந்து வளர்ந்தவளாம். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய தலை, என்னை விடக் கடும் நிறம். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு சந்தோசம் வந்தது. அது என்ன சந்தோசம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"நீங்களோ செய்யப் போறியள்? அப்பாடா" என்று கதிரையில் இருந்தாள். "கமராவிலை மினுங்காமல் இருந்தால் போதும். அம்மா வீட்டிலை இருந்து நேரலையிலை பாக்கப் போறா. எல்லாரையும் கூப்பிட்டு இருத்தியிருப்பா."

"பயப்பிடாதேங்கோ. வடிவாய்ச் செய்து விடுறன்."

அவள் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். மூடியபடியே சொன்னாள்: "ஒப்பனைக் கதிரையிலை நான் கண்ணை மூடுறது இதுதான் முதல் தரம். வழக்கமாய்க் காவல் இருப்பன், என்ன செய்யினம் எண்டு."

நான் பஞ்சில் பன்னீர் தொட்டு முகத்தைத் துடைத்தேன். களிம்பு தடவி, ஊற விட்டேன். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் கருமை தெரியாமல் இருக்கச் செம்மஞ்சள் வைத்தேன். பிறகு என் பெட்டியில் உள்ளதிலேயே கடுமையான சந்தன நிறத்தை எடுத்து, புறங்கையில் தொட்டுப் பார்த்து, நெற்றியில் இருந்து கீழே இறக்கினேன். காது, பிடரி, கழுத்து ஒன்றையும் விடவில்லை. மேலே மஞ்சள் தூள். கண்ணாடிக்குள் பார்த்தபடிதான் செய்தேன். அங்கே அவள் முகம் வெளித்துக்கொண்டு வந்தது. கை தன்பாட்டில் ஓடியது. அன்பில்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சுதாவுக்குச் செய்த அதே கை. முடித்து ஒரு அடி பின்னால் நின்று, "நா ஆல்ஸோ" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

"இது ஆர்?" என்றாள்.

"நீங்கள்தான். நல்ல வடிவாய் இருக்கிறியள். வெளிச்சமாய்."

அவள் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் பார்க்கவில்லை, நேரே பார்த்தாள். வேலைக்காக மடித்து விட்டிருந்த என் சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு என் பெட்டியைக் காட்டினாள்.

"இதுக்குள்ளை உங்கடை நிறம் எது?"

நான் குனிந்து தேடினேன். சந்தனம், கோதுமை, பாலாடை, இளஞ்சிவப்பு என்று ஒவ்வொரு தட்டாக விரல் போனது. மேல்தட்டைத் தூக்கிக் கீழ்த்தட்டையும் பார்த்தேன். அவள் பொறுமையாக இருந்தாள். இல்லை. நான் ஆண்டாண்டாகத் தூக்கிக்கொண்டு திரிந்த பெட்டியில் என் நிறம் இல்லை. அவளுடைய நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜானா கதவடியில் வந்து நின்றாள்.

அஃபுவா தானே பஞ்சை எடுத்துத் துடைத்தாள். முகம் கழுவி வந்து, கைப்பையில் இருந்து ஒரு போத்தலை எடுத்தாள். அது அவளுடைய சரியான நிறம்.

"நாங்கள் எல்லாரும் சொந்தமாய்க் கொண்டுதான் திரிவம். தியேட்டருகளிலை எங்கடை நிறம் இருக்காது" என்றாள். தானே பூசிக்கொண்டு சொன்னாள்: "எங்கடை தோலிலை வேலை தெரிஞ்ச ஒராள் வாறா எண்டு சொன்னவை. இண்டைக்கு இதை வீட்டிலை விட்டிட்டு வருவமோ எண்டு யோசிச்சனான்."

அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசினால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. துவாயைப் பிடித்தபடி நின்றேன். வேறு ஒருவருக்கும் நான் அன்றைக்குத் தூரிகை தொடவில்லை. ஜானா, "போய் இருந்து பாருங்கோ, ஃப்ராவ் சிவம். வந்தனீங்கள்தானே" என்றாள்.

அரங்கின் பின்வரிசையில் இருந்தேன். மேடையில் அரைவட்டமாகக் கதிரைகள். தலை நரைத்த ஒரு நடிகர், இப்போது படத்துக்குக் கதை எழுதுகிறவர், பேசினார். "இந்த நாட்டுத் தொலைக்காட்சியிலை நான் எத்தினை தரம் செத்தன் எண்டு எனக்கே தெரியாது. ஒருக்காவாவது எனக்குப் பேர் இருந்திருந்தால் பிணத்துக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும்" என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு இளம் பெண் தான் எழுதிய காட்சியொன்றை வாசித்தாள். அதில் தேத்தண்ணீர் கொண்டு வருகிற பெண், தட்டத்தை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுகிறாள். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நல்ல காட்சி. எனக்குப் பிடித்தது.

பிறகு அஃபுவா எழுந்தாள். முன்மண்டப மேசையில் வைத்திருந்த ஒரு சின்னப் பொருளைக் கையில் கொண்டு வந்திருந்தாள். கமரா கிட்டப் போனது. பின்னால் பெரிய திரையில் அது தெரிந்தது. வெள்ளை நாடா. பேனை எழுத்து. ராசம்மா 2.

"இந்தத் தியேட்டரின்ரை கீழறையிலை இருந்து எடுத்தது. இந்தப் பூச்சு எந்த நாடகத்துக்கு எண்டு தேடிப் பாத்தன். நடிகர் பட்டியலிலை அந்த ஆளுக்குப் பேர் இல்லை. 'வேலைக்காரன்' எண்டு மட்டும் கிடக்கு. பூச்சுக்குப் பேர் இருக்கு, ஆளுக்குப் பேர் இல்லை" என்றாள். சிமிழைத் திருப்பிப் பார்த்தாள். "ராசம்மா. கம்பனிப் பேரோ, ஆரின்ரையாவது பேரோ தெரியாது. ஆள் எண்டால், ஆரோ ஒரு பொம்பிளையின்ரை தோல் இது. இங்கை ஆருக்காவது தெரியுமோ?"

ஆட்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஜானா பக்கவாட்டில் நின்றாள். அவளுக்கு நான் ஃப்ராவ் சிவம். ஃப்ராவ் லிண்ட்னர் உயிரோடு இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் அந்த மண்டபத்தில் ஒருத்திதான்.

நான் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டு, பொத்தானைப் பூட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஊரெல்லாம் நீட்டிக் காட்டிய கையை மறைத்துக்கொண்டு இருந்தேன். அஃபுவா சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, இந்தக் கண்காட்சி அடுத்து லைப்சிக் நகரத்துக்குப் போகுது. அங்கை ஆரும் சொல்லுவினமோ பாப்பம்" என்று சிமிழைக் கீழே வைத்தாள். இடைவேளையில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே வந்துவிட்டேன்.

ஹம் ரயில் நிலையத்தில் சுதா காரோடு நின்றாள். "என்னம்மா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? அவை சாப்பிட ஒண்டும் தரேல்லையோ?" என்றாள். என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்குள் போனதும் நடைச்சுவரில் உள்ள படங்களைப் பார்த்தபடி நின்றேன்.

"சுதா, உன்ரை கலியாணப் படம் எங்கை?"

"ஏன் இப்ப?"

"எங்கை எண்டு கேக்கிறன்."

"கீழை, கெல்லரிலை." நிலவறையை நாங்களும் கெல்லர் என்றுதான் சொல்லுவோம்.

"ஏன் மாட்டேல்லை?"

அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இப்பத்தான் கேக்கிறியள்" என்றாள். "முதல்லை மாட்டித்தான் இருந்தனான். சின்னவள் கதைக்கத் தொடங்கின நேரம், 'அப்பாவுக்குப் பக்கத்திலை நிக்கிற அன்ரி ஆர்?' எண்டு கேட்டவள். அண்டைக்குக் கழட்டினது."

"நான் உன்னை வடிவாக்க வேணும் எண்டு..."

"தெரியும் அம்மா. உங்களிலை எனக்குக் கோபம் இல்லை. ஆனா அண்டைக்கு விடிய நீங்கள் என்னை ஒருக்காவும் பாக்கேல்லை. கண்ணாடியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். உங்கடை நிறத்திலை பிறந்ததுக்கு என்னிலை உங்களுக்கு வெக்கம் எண்டு நினைச்சன்."

நான் நடைப்படியில் இருந்துவிட்டேன். அங்கே இருந்தபடியே அன்றைக்கு நடந்ததெல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். பெட்டியில் தேடியதை, சிமிழை, சட்டைக் கையை. அவள் பக்கத்தில் வந்து இருந்து கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப லைப்சிக்கிலையும் அவை, ராசம்மா ஆர் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கப் போயினம். நீங்கள் இஞ்சை இருக்கப் போறியளோ?"

அடுத்த நாள் காலையில் சுதாவைத் தியேட்டரின் இலக்கத்தை அழுத்தித் தரச் சொல்லி, தொலைபேசியை வாங்கினேன். ஜானாதான் எடுத்தாள். வழக்கமாக ஃப்ராவ் சிவம் கதைக்கிறேன் என்று சொல்லுவேன்.

"ஜானா, நான் ராசம்மா கதைக்கிறன்."

"ஆர்? எந்த ராசம்மா?"

"சிமிழிலை இருக்கிற ராசம்மா."

தொலைபேசியில் அவளுக்கு என் கை தெரியப்போவதில்லை என்று தெரிந்தும், சட்டைக் கையை முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டு, அவள் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தேன்.